இருபதாயிரம் கன அடியும் ஒரு பக்கெட்டும்

முதல் நாள், வியாழன் இரவு

எங்கள் ஊர் பெயர் காவேரிப்பட்டணம். ஊரை ஒட்டி ஓடுவதோ தென்பெண்ணை. வெளியூர்க்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்து, "காவேரி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் அம்மா மேற்கே கையைக் காட்டி, "ரெண்டு பஸ் மாறினா வரும்" என்பாள். இன்று அந்த இரண்டு பஸ்ஸையும் மாறினோம்.

அம்மா பிறந்தது பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சின்ன வயதில் ஆடிப் பதினெட்டுக்கு மாட்டு வண்டி கட்டி ஒகேனக்கல் போய் முழுகிவிட்டு வந்த கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பாள். இந்த வருடம் ஆடிப் பதினெட்டன்று முழங்கால் விடவில்லை; கூட்டமும் பயம். "கூட்டமெல்லாம் அடங்கட்டும், ஆவணியில கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் விட்டிருந்தேன். அம்மா எதை மறந்தாலும் இப்படிச் சொன்னதை மறக்க மாட்டாள்.

மூன்றாவது ஆள் என் அண்ணன் பையன். ஓசூரில் படிக்கிறான், பன்னிரண்டு வயது. நீச்சல் வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கியிருக்கிறான். அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். ஒரு வாரமாக ஏதோ மழைக்காட்டு அருவி வீடியோக்களாகப் பார்த்திருக்கிறான். பாசி படர்ந்த பாறை, கண்ணாடி மாதிரிப் பச்சைத் தண்ணீர், மரக்கிளையில் கயிறு கட்டி ஊஞ்சலாடிக் குதிப்பது. "அத்தை, ஒகேனக்கல்லும் மழைக்காடுதானே?" என்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டான்.

இண்டூர் தாண்டி, பென்னாகரம் தாண்டி, மடம் சோதனைச் சாவடிக்கு அப்புறம் பஸ் மலையிறங்கத் தொடங்கியதும் அவன் முகம் மாறியது. இரண்டு பக்கமும் முள்ளும் மூங்கிலும் பொடிந்த பாறையுமாகக் கிடக்கிற வறண்ட காடு. கோடையில் வந்தால் இலைகூட இருக்காது. மழைக்காடு இருப்பது குடகில். தலைக்காவிரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். வயநாட்டில் கொட்டுவது கபினியாக வந்து காவிரியில் சேரும். அந்தக் காடுகளில் பெய்த மழைதான் அணைகளில் தேங்கி, திறந்துவிடப்பட்டு, கர்நாடகத்தைக் கடந்து இந்த முள்காட்டுக்கு நடுவே வந்து விழுகிறது. மழைக்காட்டின் தண்ணீர் மட்டும் தனியாகப் பயணம் வந்திருக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். "அப்போ கயிறு கட்டிக் குதிக்க முடியாதா?" என்றான். அவனுக்கு அவன் கவலை.

கடைசி வளைவில் பஸ் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி நெறைய வருது" என்றாள். அவள் சொன்னது சரி. சரியாகச் சொன்னதுதான் தொந்தரவாகப் போயிற்று. இறங்கியதும் கண்ணில் பட்டது கயிறு கட்டி அடைத்த வழியும், குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை என்று எழுதிய பலகையும், பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரரும்.

டீக்கடையில் விசாரித்தேன். "நேத்து ராத்திரியே ஏறிடுச்சுக்கா. இருபதாயிரம் வருது." இங்கே யாரும் இருபதாயிரம் என்ன என்று சொல்வதில்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையக்காரர்கள் அளக்கிற நீர்வரத்து, வினாடிக்கு இத்தனை கன அடி. மற்ற ஊர்களில் தங்கத்தின் விலை கேட்பது போல இங்கே காலையில் எழுந்ததும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு கன அடி என்பது இருபத்தெட்டு லிட்டர் சொச்சம். பையன் போனில் கணக்குப் போட்டான்: பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி என்றால், வினாடிக்கு நாற்பத்தேழு லாரி. அதைச் சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அம்மாதான் பேசினாள். "குடகுல மழை பெஞ்சா நமக்குக் குளிக்கத் தடையா?"

தூரத்திலிருந்து பார்த்தோம். அருவி என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. பாறைகளை எல்லாம் மூடிக்கொண்டு, செம்மண் கலந்த டீத்தண்ணி நிறத்தில் ஆறே சரிந்து விழுந்துகொண்டிருந்தது. மேலே வெள்ளையாகப் புகை. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் கல். பெயர் வைத்தவர்கள் இப்படி ஒரு நாளில்தான் வந்திருக்க வேண்டும். அந்தத் தூவல் காற்றில் வந்து எங்கள் முகத்தில் பட்டது. இன்றைய தீர்த்தம் அவ்வளவுதான்.

அறைக்கு வந்து பக்கெட்டில் குளித்தோம். நாளைக்குக் குறைந்துவிடும் என்கிறார் டீக்கடைக்காரர். பார்க்கலாம்.


இரண்டாம் நாள், வெள்ளி இரவு

குறையவில்லை.

காலையில் டீக்கடைக்குப் போனதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் கூடித்தாங்க்கா இருக்குது" என்றார். ஏதோ அவர்தான் மதகைத் திறந்துவிட்டவர் மாதிரி.

சரி, இருப்பதைப் பார்ப்போம் என்று முதலைகள் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். வனத்துறை நடத்துவது. தொட்டித் தொட்டியாக முதலைகள். ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. பையன் சிமெண்ட்டில் செய்த பொம்மை என்று அடித்துச் சொன்னான். உடம்புச் சூட்டைத் தணிக்க முதலை அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கும் என்றேன், நம்பவில்லை. பத்து நிமிடம் கழித்து அது வாயை மூடியது. அவன் என் பின்னால் வந்து நின்றுகொண்டான். "இது இந்த ஆத்துலயும் இருக்குமா?" இருக்கும். காவிரியில் முதலை உண்டு; அதனால்தான் ஒதுக்குப்புறமான மடுக்களில் இறங்காதே என்கிறார்கள். கயிறு கட்டிக் குதிக்கிற பேச்சு அதோடு நின்றது.

திரும்பும் வழியில் ஆற்றோரப் பாறையில் வட்ட வட்டமான குழிகளைக் காட்டினேன். சிலது குண்டான் அளவு, சிலது ஆள் இறங்கிக் காணாமல் போகிற ஆழம். வெள்ளத்தில் வந்த கூழாங்கல் ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது. தண்ணீர் அதைச் சுழற்றச் சுழற்ற, ஆட்டுக்கல்லில் குழவி ஓடுவது போல அரைத்து அரைத்துக் குழியைப் பெரிதாக்கும். மாவு மட்டும் ஆற்றோடு போய்விடும். இந்தப் பகுதியில் கிடைக்கிற கார்பனடைட் என்கிற பாறைவகைக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அம்மா ஒரு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மூன்று கல்லும் இரண்டு ஷாம்பூ பாக்கெட்டும் இருந்தன. இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத ஒன்று அதுதான். எண்ணெய்ப் பாக்கெட், ஷாம்பூ பாக்கெட், கிழிந்த உள்ளாடை. எண்ணெய் தேய்த்து முழுகுவதற்கென்றே வருகிறோம், சரி. அந்தக் காலி உறையைப் பையில் போட்டுக்கொண்டு போக என்ன கேடு?

மதியம் மீன். இங்கே நடைமுறை எளிது. மீனை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், சமைத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். கட்லா வேண்டாம், முள் இருந்தாலும் பரவாயில்லை, கெளுத்தி வாங்கு என்றாள் அம்மா. வாங்கினோம். அடுப்படி அக்கா மீனைச் சாம்பலில் புரட்டி, கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பை எடுத்தார். மீசையையும் முள்ளையும் அரிவாள்மனையில் ஒரே இழுப்பில் நறுக்கினார். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல். விறகடுப்பு தோசைக்கல்லில் போட்டதும் நெடி ஏறி நாங்கள் மூன்று பேரும் இருமினோம், அவர் இருமவில்லை. பாதிக் குழம்பு, பாதி வறுவல். குழம்புக்குத் தேங்காய் போடவில்லை. "புளியும் மிளகாயும் போதும், ஆத்து மீனுக்கு எதுக்குத் தேங்காய்?" என்றார். அம்மா தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கம் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். எப்படி என்றால், பல்லைப் பார்த்து. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

இன்றைய பெரிய கதை எண்ணெய் மசாஜ்.

தடை போட்டால் மசாஜ்காரர்களுக்கு வேலை இல்லை. படிக்கட்டு நிழலில் எண்ணெய்ப் பாட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர், "பையனுக்குப் பிடிச்சு விடறேம்மா. உடம்பு காத்தாட்டம் ஆயிடும். குளிக்கிறத ரூம்ல குளிச்சுக்கட்டும்" என்றார். முந்நூறு கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. காலையிலிருந்து அவருக்கு நாங்கள்தான் முதல் போணியாம்.

அவர் செய்தது தேய்ப்பது அல்ல, வாசிப்பது. தலையில் எண்ணெய் ஊற்றி இரண்டு கையையும் கூப்பி டப் டப் டப் என்று தட்ட ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உச்சந்தலை, பிடரி, தோள்பட்டை, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் ஒரு ஓட்டம். கையை முறுக்கி விரல் ஒவ்வொன்றையும் இழுத்துச் சொடுக்கினார். பத்து சொடுக்கில் ஒன்பது வந்தது. பத்தாவது வரும்வரை சுண்டுவிரலை விடவில்லை. பையன் முதலில் கத்தினான், அப்புறம் சிரித்தான், கடைசியில் வாய் பிளந்து கிடந்தான், காலையில் பார்த்த முதலை மாதிரி. எழுந்தபோது எண்ணெயில் போட்டு எடுத்த வடை போலத் தலையிலிருந்து கால்வரை சொட்டியது.

அறைக்கு வந்து குழாயைத் திறந்தால் காற்று வருகிறது.

மோட்டார் ரிப்பேர் என்றார் லாட்ஜ் தம்பி. எப்போது வரும் என்றால், "ஆள் பென்னாகரத்துல இருந்து வரணும்" என்றார். ஜன்னலுக்கு வெளியே வினாடிக்கு இருபதாயிரம் கன அடி இரைந்துகொண்டிருக்கிறது. உள்ளே நாங்கள் ஒரு பக்கெட் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். பையன் கட்டிலில் உட்காரக் கூடாது என்று அம்மா உத்தரவு. ஒன்றரை மணி நேரம் அவன் கையை விரித்தபடி அறைக்கு நடுவில் நின்றான். கடைசியில் மீன் சமைத்துக் கொடுத்த அக்காவிடம் போய் இரண்டு குடம் வாங்கி வந்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் அறைக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

இனி இங்கே உட்கார்ந்திருந்து பயனில்லை. காலையில் மாமா வீட்டுக்குப் போகிறோம்.


மூன்றாம் நாள், சனி இரவு, மாமா வீடு

பென்னாகரத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பையனுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். "நான் மட்டும்தான் இந்த பஸ்ஸுக்குக் காசு குடுத்த ஆள்" என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்தான்.

மாமா வீட்டில் களி, கொள்ளுக் கடைசல், கீரை. ராகிக் களியை மென்று தின்னப் பார்த்தான் பையன். "டேய், களிய மெல்லக் கூடாது, கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்று மாமா செய்து காட்டினார். நான்காவது உருண்டையில் பிடிபட்டுவிட்டது.

பல் கதைக்கு வருகிறேன். எங்கள் அம்மா சிரிக்கும்போது முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். நேற்று மீன் அடுப்பக்கத்து அக்காவும் அப்படியே செய்தார். இந்தப் பக்கத்தில் என் வயதுக்கு மேற்பட்டவர்கள் பலருக்கும் பல்லில் காவி படிந்திருக்கும். மஞ்சளாகத் தொடங்கிப் பழுப்புக் கோடுகளாக ஓடும். என் முன்பல் இரண்டிலும் உண்டு. வெற்றிலைக் கறை என்று நினைத்துக் கல்லூரியில் ஒருத்தி கேட்டே விட்டாள். வெற்றிலையும் இல்லை, விளக்காததும் இல்லை; குடித்த தண்ணீர். இங்கத்துப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு தாதுக்கள் நிலத்தடி நீரில் கரைந்து வருகின்றன. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில், நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற காலத்தில் குடித்தால் கறை எனாமலிலேயே பதிந்துவிடும். எந்தப் பற்பசையும் அதைத் தொடாது. வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பிலும் சேர்ந்து மூட்டும் முதுகும் இறுகிப்போகும். பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்தே, "எந்த ஊர்த் தண்ணி குடிச்ச பொண்ணு?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அம்மாவை அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அதே காவி இருந்ததால் தப்பித்தாள் என்பது அவளே சொல்கிற நகைச்சுவை.

மாமா வீட்டு முற்றத்தில் இரண்டு குழாய். ஒன்று போர்த் தண்ணீர், மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும். இன்னொன்று 'ஒகேனக்கல் தண்ணி'. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரியில் எடுத்து, சுத்திகரித்து, நாங்கள் பஸ்ஸில் இறங்கிய அதே மலையில் ஏற்றி அனுப்புகிறார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. அத்தை அதை இப்படிச் சொன்னார்: "போர்த் தண்ணியில பருப்பு வேகவே வேகாது. ஒகேனக்கல் தண்ணியில ஒரே கொதி, மசிஞ்சிரும்." தினமும் வருகிறதா என்று கேட்டேன். "வர்ற அன்னைக்குப் பிடிச்சு வெச்சுக்குவோம்" என்றார். அது வேறு கதை. பையனை வாயைத் திறக்கச் சொல்லி அத்தை பல்லைப் பார்த்தார். வெள்ளைவெளேர். மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி இருந்தது என்று அவனுக்குக் கோபம்.

சாயங்காலம் மாமா, "ஆத்துல விடலைன்னா என்ன, நம்ம கெணத்துல எறங்கலாம் வா" என்று அவனைக் கூப்பிட்டார். தோட்டத்துக் கிணறு, இரண்டு மழையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. சதுரமாகக் கல்லுக்கட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கற்கள்தான் படி. கைப்பிடி கிடையாது. தண்ணீர் கரும்பச்சை. ஒரு ஆமை தலை தூக்கிப் பார்த்துவிட்டு முங்கியது.

சான்றிதழ்க்காரன் கிணற்று விளிம்பில் நின்று கீழே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "ஆழம் எவ்வளவு?" என்றான். "அளந்தவன் யாரும் மேல வரல" என்றார் மாமா. இது உதவவில்லை. அவன் கற்ற குளத்தில் அடியில் நீல ஓடு பதித்திருக்குமாம், கோடு தெரியுமாம், மூன்றடியிலிருந்து ஐந்தடிவரை எழுதியிருக்குமாம். இதில் அடி தெரியவில்லை, எழுதியும் வைக்கவில்லை.

மாமா என் முதுகில் சுரைப்புருடை கட்டிவிட்டுத்தான் நான் நீந்தக் கற்றேன். காய்ந்த சுரைக்காய், இரண்டு பக்கமும் கயிறு. அது இப்போது வீட்டில் இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனை மூடி இறுக்கிக் கயிற்றில் கோத்து அவன் முதுகில் கட்டினார் மாமா. "நான் நீந்துவேன், இது வேண்டாம்" என்று முணுமுணுத்தான், ஆனால் கழற்றவில்லை. முதலில் மாமா குதித்தார். அறுபத்தெட்டு வயது. காலைக் கட்டிக்கொண்டு பந்தாக விழுந்ததில் தண்ணீர் மேல்படிவரை அடித்தது. பையன் மூன்றாவது படிவரை இறங்கினான், ஐந்தாவது படி, ஏழாவது படி. அங்கே ஒரு பாறைக்கட்டு. மூக்கைப் பிடித்தான், விட்டான். மறுபடி பிடித்தான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் முறை. எனக்கும் அப்படித்தான் செய்தார். நான் குதிக்க இரண்டு நாள் ஆயிற்று.

இவன் இருபது நிமிடத்தில் குதித்துவிட்டான். மேலே வந்ததும் போட்ட முதல் கூச்சல், "அத்தை, மேல சூடா இருக்கு, கீழ ஐஸ்!" அப்புறம் இருட்டும்வரை ஏறியதும் குதித்ததும்தான். எத்தனையாவது குதிப்பிலோ கேன் கழன்று தனியே மிதந்தது. அவன் கவனிக்கவே இல்லை.

அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். "நானும் இதுலதான் கத்துக்கிட்டேன்" என்றாள். இது எனக்கே தெரியாது. அவளுக்கு நீந்த வரும் என்பதே இன்றுதான் தெரியும்.

ராத்திரி எட்டு மணிக்கு மாமாவின் போனில் செய்தி வந்தது. வரத்து எட்டாயிரமாக இறங்கிவிட்டது, நாளை காலை முதல் குளிக்கலாம்.


நான்காம் நாள், ஞாயிறு, பஸ்ஸில் எழுதுவது

விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று. ஊரில் பாதிப் பேர் அதே யோசனையில் இருந்திருக்கிறார்கள். பெங்களூர் வண்டிகள், சேலம் வண்டிகள், மொட்டையடித்த ஒரு குடும்பம், ஒரு வேன் நிறையக் கல்யாண வீட்டார். டீக்கடைக்காரர் தூரத்திலேயே கையைத் தூக்கி எட்டு விரல் காட்டினார்.

நிறம் மாறியிருந்தது. டீத்தண்ணி போய்ப் பச்சை கலந்த சாம்பல். வியாழக்கிழமை மூடிக் கிடந்த பாறைகள் எல்லாம் வெளியே வந்து, ஒரே ஆறு பத்துப் பதினைந்து அருவியாகப் பிரிந்திருந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைத் தடவிக்கொண்டாள். பையன் ஆண்கள் பக்கம், மாமா பொறுப்பில்.

பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை. தடையில்லாத நாளில் அருவிக்குக் கீழே ஒரு சட்டம் உண்டு: யாருக்கும் யாரையும் தெரியாது, ஆனால் எல்லோரும் எல்லோரையும் பிடித்துக்கொள்வார்கள். முகம் தெரியாத ஒருத்தி என் இடுப்பைப் பிடித்திருந்தாள். நான் அம்மாவின் தோளைப் பிடித்திருந்தேன். அம்மா கம்பியை. தண்ணீர் தலையில் விழும்போது கனம்தான் முதலில் தெரிகிறது, குளிர்ச்சி அப்புறம். மூட்டை அரிசியைத் தலையில் சாய்த்துக் கொட்டுகிற மாதிரி. காது அடைத்துப்போய்ப் பக்கத்தில் கத்துவது எதுவும் கேட்காது. மூச்சு விடுவதற்கு ஒரு வித்தை இருக்கிறது. தலையைக் குனிந்து, தாடையை மாரோடு ஒட்டினால் முகத்துக்கு முன்னால் ஒரு கை அகலம் காற்று நிற்கும். அம்மாதான் பிடரியில் தட்டி எனக்கு அதைக் காட்டினாள்.

ஐந்து நிமிடத்தில் போதும் என்று சைகை செய்தேன். அவள் தலையாட்டவில்லை. திரும்பி, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இடது முழங்காலைக் கொஞ்சம் தூக்கி, தண்ணீர் அதன்மேல் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு முறை மாறிவிட்டார்கள். என்னைப் பிடித்திருந்தவளும் போய், வேறொருத்தி வந்தாள். விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகுதான் அசைந்தாள்.

வெளியே வந்ததும், "மூணு நாள் காத்திருந்ததுக்கு வட்டியும் சேர்த்து" என்றாள்.

பரிசல் பற்றிச் சுருக்கமாக. கவுண்டரில் சீட்டு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை. முன்பு தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பரிசல்கார அண்ணன் எங்களை எடை பார்த்து எதிரெதிரே உட்கார வைத்தார். "பெரிம்மா இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம், தம்பி நடுவுல, ஆடக்கூடாது." பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது ஒரே துடுப்பால் பரிசலைச் சுற்றிவிட்டார், பையன் கேட்டுக்கொண்டதால் மூன்று முறை. மூன்றாவதில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. கண்ணை மூடிக்கொண்டதால் எழுத அதிகமில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "இந்தத் தண்ணி அடுத்து எங்க போகும்?" என்று பையன் கேட்டான். "மேட்டூருக்கு" என்றார் அவர். "அங்க இருந்து தஞ்சாவூருக்கு. எண்ணி எண்ணித்தான் வருது, எண்ணி எண்ணித்தான் போகுது." 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டிஎம்சி தரவேண்டும் என்று சொன்னதும் மேலே பிலிகுண்டுலுவில் அளந்துதான். இரண்டு மாநிலமும் எண்ணுகிற தண்ணீரில்தான் நாங்கள் சற்று முன் எண்ணெய்த் தலையை அலசியிருந்தோம்.

புறப்படும்போது அம்மா பையிலிருந்து ஒரு ஐந்து லிட்டர் கேனை எடுத்தாள். நேற்று பையன் முதுகிலிருந்து கழன்ற அதே கேன். மாமா வீட்டிலிருந்து கழுவி எடுத்து வந்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே, ஆற்றில் அமுக்கிப் பிடித்து நிரப்பினாள்.

"அம்மா, இதேதான் நம்ம வீட்டுக் குழாயில வருது."

"அது சுத்தம் பண்ணி வர்றது."

"அதுதான் நல்லது."

"குடிக்க அது நல்லது. இது சாமி ரூமுக்கு."

இப்போது தர்மபுரி பஸ்ஸில் இருக்கிறோம். கேன் அம்மா காலுக்கு இடையில். மலையேற்றத்தில் மூடி லேசாகக் கசிந்து ஒரு கோடு பின்பக்கம்வரை ஓடியிருக்கிறது. கண்டக்டர் வந்து கோட்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

"என்னம்மா அது, எண்ணெயா?"

"தண்ணிப்பா. ஒகேனக்கல் தண்ணி."

"எங்க வீட்டுக் குழாயிலயே வருதே" என்றார் அவர்.

அம்மா கேனை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். பையன் என் தோளில் சாய்ந்து தூங்குகிறான். தலையில் இன்னும் எண்ணெய் வாசம் போகவில்லை.